கரி உலையை உடைத்துவிடாதீர்கள்

கேள்வி: பதினைந்து வருடமாக நிலக்கரி உலையில் வேலை செய்கிறேன். உளி, கத்தி, கம்பிச் சுருள் வேலை எல்லாம் உண்டு. புகை தாங்கவில்லை. கேஸ் உலைக்கு மாறலாமா? சூடு போதுமா?

பதில்: தாராளமாக மாறுங்கள். நன்றாக அமைத்த கேஸ் உலை 1,250 டிகிரி செல்சியஸைத் தாண்டும். இரும்போடு இரும்பைப் பற்றவைக்க அது போதும். கரிக்குள் புதைந்த இரும்பை இழுத்துப் பார்த்தால்தான் நிறம் தெரியும். கொஞ்சம் அசந்தால் நுனி மத்தாப்பாகப் பொறி கக்கிக் கருகிப் போகும். கேஸ் உலையிலோ சிவப்பு ஆரஞ்சாக மாறுவதை வாசல் வழியே பார்த்துக்கொண்டே இருக்கலாம். உளிக்கும் கத்திக்கும் நான் கேஸைத்தான் சொல்வேன். கரி எரிந்து கட்டியாகும் கிட்டத்தை அள்ளும் வேலையும் இல்லை.

நீங்கள் திணறப்போவது சுருள் வேலையில்தான். கரியில், காற்று படும் இடத்தில் மட்டும் நாலு விரல் அகலத்துக்குப் பழுக்க வைக்கலாம். கேஸ் உலையில் உள்ளே போன நீளம் முழுக்கப் பழுத்துவிடும். நடுக்கம்பியை வளைக்க ஓர் அடி போட்டால், ஏற்கெனவே பார்த்துப் பார்த்துச் சுற்றிய சுருளும் சேர்ந்து நெளியும். சூடு வேண்டாத பக்கத்தில் தண்ணீர் ஊற்றிக் கறுக்கவைத்துவிட்டு வளையுங்கள். இது கார்பன் குறைந்த மெல்லிரும்புக்கு மட்டும்; உளி எஃகில் ஊற்றினால் விரிசல் விடும். அகலமாக விரிந்த சுருள் வேலை கேஸ் உலையின் வாசலுக்குள் நுழையவே நுழையாது. அதற்காகவே கரி உலையை ஒரு மூலையில் வைத்திருங்கள்.

வெங்காரம் (போராக்ஸ்) தூவி இரும்பைப் பற்றவைப்பவரா? சூடு வெளியேறாமல் கேஸ் உலைக்குள் பதித்திருக்கும் செராமிக் பஞ்சை அது கரைத்துத் தின்றுவிடும். என் முதல் உலையின் தரை அப்படித்தான் குழிந்து போனது. தரையில் சூடு தாங்கும் பலகை ஒன்றைப் போடுங்கள். பஞ்சின் இழை நுரையீரலுக்கு ஆகாது. பஞ்சின் மேல் வெப்பம் தாங்கும் பூச்சு பூசாமல் உலையை மூட்டவே வேண்டாம்.

புகைதான் இல்லையே என்று கதவைச் சாத்திவிடாதீர்கள். கரிப்புகை கண்ணைக் கரித்து நம்மை எழுப்பி விரட்டும். கேஸ் உலையிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கசியும் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு படியும். ஆகவே மேலே ஜன்னல் இருந்தால் போதாது, கீழேயும் காற்று போக வழி வேண்டும். சமையல் அடுப்பு ரெகுலேட்டரை மாட்டாதீர்கள். அழுத்தமானி வைத்த உயர் அழுத்த ரெகுலேட்டர்தான் வேண்டும். உலையை மூட்டும்போது முதலில் நெருப்பு, அப்புறம் வால்வு. முகத்தை வாசலுக்கு நேரே கொண்டுபோகாதீர்கள்.