முனைவர் ஆனால் கிளினிக் திறக்கலாமா?

கேள்வி: என் மகள் உளவியலில் இளங்கலை முடித்து, கோலாலம்பூரில் ஒரு நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் இரண்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறாள். முனைவர் பட்டம் பெற்று, மனநலம் குன்றியவர்களைப் பார்க்கும் கிளினிக் ஒன்றைத் திறக்க விரும்புகிறாள். எந்தச் சிறப்புப் பிரிவில் சேர்வது நல்லது?
- ஒரு தாய், செந்தூல்

பதில்: அம்மா, தங்கள் மகள் ஆய்வு, சிகிச்சை என்ற இரண்டு வெவ்வேறு பாதைகளை ஒன்றாக எண்ணிக்கொண்டிருக்கிறார். அமெரிக்காவில் உளவியலாளராக உரிமம் பெறுவதற்குப் பொதுவாக முனைவர் பட்டம் தேவை; அங்கு ஆய்வையும் சிகிச்சைப் பயிற்சியையும் இணைத்துக் கற்பிக்கும் முறை 1949-இல் போல்டர் நகரில் நடந்த மாநாட்டில் வகுக்கப்பட்டது. பிரிட்டனிலும் மருத்துவ உளவியலாளர் (கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்) ஆவதற்கு மூன்றாண்டு முனைவர் படிப்பு உண்டு. இணையத்தில் தேடுவோருக்கு இந்த நாடுகளின் விவரங்களே முதலில் கிடைப்பதால், இங்கும் அப்படித்தான் என்ற எண்ணம் பரவிவிட்டது.

மலேசியாவில் நோயாளிகளைப் பார்ப்பதற்கான தகுதி, மருத்துவ உளவியலில் பெறும் முதுகலைப் பட்டத்திலிருந்தே தொடங்குகிறது. மருத்துவமனைகளில் மூத்தவர்களின் மேற்பார்வையில் பெறும் பயிற்சியும் அப்படிப்பில் அடங்கும். 774-ஆம் சட்டம் எனப்படும் 2016-ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்களுக்கான சட்டம், மருத்துவ உளவியலாளரையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஆற்றுப்படுத்துநர் (கவுன்சிலர்) பணிக்கு 1998-ஆம் ஆண்டின் தனிச் சட்டமும், அதன் கீழ் பதிவும் தொழில் நடத்தும் சான்றிதழும் உண்டு. முனைவர் பட்டமோ பெரும்பாலும் ஆய்வுப் பட்டம்: ஒரே ஒரு கேள்வியை மூன்று ஆண்டுகளோ அதற்கு மேலோ துருவி, ஆய்வேடு எழுதி, வாய்மொழித் தேர்வில் அதை நிலைநாட்டுவது. குழந்தைகளின் நினைவாற்றலை ஆராய்ந்து முனைவரான ஒருவர், மனச்சோர்வுக்குச் சிகிச்சை அளிக்க அந்தப் பட்டத்தால் மட்டும் தகுதி பெறுவதில்லை. கிளினிக்தான் குறிக்கோள் என்றால், தங்கள் மகள் முதலில் மருத்துவ உளவியல் முதுகலைக்கு விண்ணப்பிக்கட்டும்.

ஆய்வே அவருடைய விருப்பம் என்றால், வளர்ச்சி உளவியல், சமூக உளவியல், நரம்பு உளவியல், தடயவியல் உளவியல் எனப் பிரிவுகள் பல இருந்தாலும், அவருக்கு அருகில் இருப்பது தொழில்-நிறுவன உளவியல்தான். ஆட்களைத் தேர்ந்தெடுப்பதும், பணிச்சோர்வும், தலைமைப் பண்பும் அதன் பாடுபொருள்கள். மனிதவளப் பிரிவில் கழித்த இரண்டு ஆண்டுகள் அங்கே வீண்போகா.

என் சொந்த ஆசையையும் இங்கே சொல்லிவிடுகிறேன். தமிழில் உளவியல் அளவீடு குறித்து ஆராய இன்னும் நிறைய ஆட்கள் வேண்டும். டாஸ்-21 என்ற வினாநிரல் மனச்சோர்வு, பதற்றம், மன அழுத்தம் ஆகிய மூன்றையும் தலா ஏழு வினாக்களால் அளக்கிறது. ஆனால், "நெஞ்சு அடைக்கிறது", "உடம்பே கனக்கிறது" என்று துயரத்தை உடலின் மேல் ஏற்றிச் சொல்லும் நம் பாட்டியிடம் அதைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்துக் கேட்டால், அவர் சொல்லும் பதில் எதை அளக்கிறது என்பதே ஐயத்துக்குரியது. தமிழ்ப்பள்ளிக் குழந்தையின் வாசிப்புக் குறைபாட்டை வேறு மொழிக் குழந்தைகளுக்கான மதிப்பெண்களோடு ஒப்பிட்டு முடிவுசெய்வதிலும் இதே ஆபத்து இருக்கிறது. மொழிபெயர்த்ததை வேறொருவரைக் கொண்டு மூலமொழிக்கே திருப்பிப் பெயர்த்து ஒப்பிடுவதும், பலரிடம் சோதித்துப் பார்ப்பதும் பொறுமை கோரும் வேலை. ஒரு முனைவர் ஆய்வுக்கு உரிய வேலையும் அதுவே.

பிரிவைவிட மேற்பார்வையாளரே முக்கியம். அவருடைய அண்மைக் கட்டுரைகளைப் படித்துவிட்டு, அவரிடம் பயில்வோர் எத்தனை ஆண்டுகளில் முடிக்கிறார்கள் என்பதை அந்த மாணவர்களிடமே விசாரிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: உளவியலில் முனைவர் பட்டம் பெற்றவர் மருந்து எழுதித் தரலாமா?
- வாசகர், ஜார்ஜ் டவுன், பினாங்கு

பதில்: இங்கே முடியாது. மருந்து எழுதுபவர், மருத்துவம் படித்துப் பின்னர் மனநல மருத்துவத்தில் சிறப்புப் பயிற்சி பெற்றவர். இருவரையும் "டாக்டர்" என்றே அழைப்பதால்தான் இந்தக் குழப்பம். அமெரிக்காவிலும் மிகச் சில மாநிலங்களில் மட்டுமே, கூடுதல் பயிற்சி பெற்ற உளவியலாளருக்கு அந்த அனுமதி உண்டு. 2002-இல் சட்டம் இயற்றிய நியூ மெக்சிகோ அவற்றுள் ஒன்று.