விலை குறைந்த கிளாஸ்-டி ஆம்ப்ளிஃபயர் நல்ல ஒலி தருமா? வாங்கும்போது எதைப் பார்ப்பது?

தரும். ஆனால் கிளாஸ்-டி என்ற பெயரை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். நான் முதலில் பார்ப்பது அடாப்டரை.

விளம்பரத்தில் "300 வாட் + 300 வாட்" என்று இருக்கும். கூட வருவதோ 32 வோல்ட், 5 ஆம்பியர் அடாப்டர். 32ஐ 5ஆல் பெருக்கினால் மொத்தமே 160 வாட்தான். அதிலும் உங்கள் ஸ்பீக்கர் 8 ஓம் என்றால், 32 வோல்ட்டில் ஒரு சேனலுக்குச் சுத்தமாக 64 வாட்டைத் தாண்டவே முடியாது. அதற்கு மேல் ஒலி சிதையும். இந்த ஆம்ப்கள் பலவற்றில் இருக்கும் டிபிஏ3255 என்ற ஆம்ப்ளிஃபயர் சிப்புக்குச் சொல்லப்படும் 315 வாட் பொய் இல்லை. ஆனால் அது 50 வோல்ட்டுக்கு மேல் மின்சாரம் கொடுத்து, 4 ஓம் ஸ்பீக்கரில், 10 சதவீதச் சிதைவோடு கிடைக்கிற அளவு. அவ்வளவு சிதைவோடு யாரும் பாட்டுக் கேட்க மாட்டார்கள். 8 ஓமில் சுத்தமான 40 வாட் கிடைத்தாலே வீட்டு ஹாலுக்கு நிறைய.

அடுத்தது ஒலி. கிளாஸ்-டி வகையில் ட்ரான்சிஸ்டர்கள் விநாடிக்குப் பல லட்சம் முறை ஆன், ஆஃப் ஆகின்றன. அதனால் சூடு குறைவு, பெட்டியும் சிறியது. அந்தத் துடிப்புகளை வடிகட்டி இசையை மட்டும் வெளியே விட ஒரு காயிலும் கெப்பாசிட்டரும் இருக்கும். விஷயம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. மலிவான போர்டுகளில் ஃபீட்பேக்கை, அதாவது பிழையைத் திருத்த வெளியீட்டிலிருந்து திரும்ப எடுக்கும் சிக்னலை, வடிகட்டிக்கு முன்னாலேயே எடுத்துவிடுவார்கள். அப்போது ஸ்பீக்கரின் ஓம் மாறினால் ட்ரெபிளும் மாறும். ஒரே ஆம்ப்பை ஒருவர் "காதைக் குத்துகிறது" என்றும் இன்னொருவர் "மந்தமாக இருக்கிறது" என்றும் சொல்வதற்கு இதுவே போதும், இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். பிலிப்ஸில் இருந்தபோது புரூனோ புட்சைஸ் என்ற பொறியாளர் உருவாக்கிய யூசிடி என்ற கிளாஸ்-டி வடிவமைப்பு, ஃபீட்பேக்கை வடிகட்டிக்குப் பின்னால் எடுத்தது. அவர் கைவண்ணத்தில் பின்னால் வந்த ஹைபெக்ஸ் நிறுவனத்தின் என்கோர், பியூரிஃபை நிறுவனத்தின் ஆம்ப் மாட்யூல்கள் ஆகியவற்றின் சிதைவு காதுக்கு எட்டாத அளவு குறைவு. இப்போது சில டிபிஏ3255 ஆம்ப்களிலும் இந்த வசதி வருகிறது. கொஞ்சம் கூடுதல் விலை கேட்டாலும் தயங்காமல் கொடுக்கலாம்.

பழைய கிளாஸ்-ஏபி வகை ஆம்ப்போடு ஒப்பிட்டுக் கேட்கப் போகிறீர்களா? இரண்டின் சத்தத்தையும் முதலில் சமமாக்குங்கள். ஒரு டெசிபல் கூடினாலே அதுதான் நன்றாக இருப்பதாகக் காது சொல்லிவிடும். ஒரே டோனை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை ஏசியில் வைத்து வோல்ட்டைச் சரிசெய்தால் போதும்.

ஒரு எச்சரிக்கை: இந்தச் சின்ன ஆம்ப்களில் பெரும்பாலானவற்றில் ஸ்பீக்கரின் கருப்பு முனை கிரவுண்ட் அல்ல. இரண்டு சேனலின் கருப்பு முனைகளை ஒன்றாக இணைக்கும் ஸ்விட்ச் பாக்ஸில் மாட்டினால் சிப் போய்விடக்கூடும். வயரைக் கழற்றி மாற்றியே கேளுங்கள். அப்புறம், பாட்டு எதுவும் ஓடாதபோது ட்வீட்டர் (ஸ்பீக்கரில் ட்ரெபிளைத் தரும் சிறிய பகுதி) அருகே காதை வைத்துப் பாருங்கள். உட்காரும் இடம் வரை இரைச்சல் கேட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.