ஓவர்கிளாக் செய்தால் பிராசஸர் சீக்கிரம் போய்விடுமா? – கேள்வி பதில்

ஓவர்கிளாக்கும் (பிராசஸரை அதன் இயல்பு வேகத்துக்கு மேல் ஓட்டுவது) பிராசஸர் ஆயுளும் பற்றி உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும். ஒரே சந்தேகத்தைப் பலர் கேட்டிருந்ததால் சிலவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: அண்ணா, ஓவர்கிளாக் பண்ணா பிராசஸர் ஆயுசு பாதியாயிடும்னு கடையில பயமுறுத்துறாங்க. நிஜமா?

கணக்குப் போட்டுப் பார்த்தால் பாதி என்ன, கால்வாசிக்குக்கூட இறங்கும். ஆனாலும் வீட்டில் கேம் ஆடுபவர்களில் பெரும்பாலோருக்கு அது உறைக்கவே உறைக்காது.

சிப்பைத் தேய்ப்பவை முக்கியமாக இரண்டு. முதலாவது எலக்ட்ரோமைக்ரேஷன். உள்ளே இருக்கும் மெல்லிய செப்புக் கம்பிகளில் எலக்ட்ரான்கள் ஓடும்போது செப்பு அணுக்களையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டு போகும். ஓரிடத்தில் குழி விழும், இன்னோரிடத்தில் மேடு தட்டும். குழி விழுந்த இடத்தில் ரெசிஸ்டன்ஸ் கூடும், முற்றினால் கம்பியே அறும். இரண்டாவது, டிரான்சிஸ்டரின் கேட் ஆக்சைடு பலவீனமாவது. அதிக வோல்டேஜும் சூடும் சேர்ந்தால் அங்கே சார்ஜ் சிக்கிக்கொள்ளும். டிரான்சிஸ்டர் ஆன் ஆவதற்குத் தேவையான வோல்டேஜ் மெல்ல ஏறும், வேகம் குறையும். லோடு (வேலைப்பளு) இறங்கியதும் இதில் ஒரு பகுதி மீளும், முழுவதும் மீளாது.

ஒரு உதாரணம். 4.5 கிகாஹெர்ட்ஸ், 1.20 வோல்ட், 125 வாட், 70 டிகிரியில் ஓடும் சிப்பை 5.0 கிகாஹெர்ட்ஸுக்கும் 1.35 வோல்ட்டுக்கும் ஏற்றுகிறீர்கள். மின்செலவு வேகத்துக்கு நேர்விகிதத்திலும் வோல்டேஜின் இருமடிக்கு ஏற்பவும் ஏறும். (1.35÷1.20)² என்பது 1.27. அதை 5.0÷4.5 ஆல் பெருக்கினால் 1.41. ஆக 125 வாட் 176 வாட் ஆகிறது, மின்னோட்டம் 104 ஆம்பியரிலிருந்து 130 ஆம்பியர். சூடு 85 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். ஜேம்ஸ் பிளாக் 1969இல் விளக்கிய சமன்பாட்டின்படி ஆயுள் மின்னோட்ட அடர்த்தியின் இருமடிக்கு ஏற்பக் குறையும்: இங்கே 1.56 மடங்கு. 15 டிகிரி கூடுதல் சூட்டுக்கு, ஆக்டிவேஷன் எனர்ஜியை (சூடு தேய்மானத்தை எவ்வளவு வேகப்படுத்தும் என்பதைக் குறிக்கும் அளவு) 0.7 எலக்ட்ரான் வோல்ட்டாக எடுத்தால், இன்னொரு 2.7 மடங்கு. இரண்டையும் பெருக்கினால் 4.2. அதுதான் நான் சொன்ன கால்வாசி.

இது இரவு பகலாக முழு லோடில் ஓடும் சிப்புக்கான கணக்கு. ரெண்டரிங் மெஷின் வைத்திருப்பவர் கவலைப்பட வேண்டும். மாலையில் இரண்டு மணி நேரம் கேம் ஆடுபவரின் சிப், தேய்வதற்கு முன்பே பழசாகிப்போகும். இன்னொன்றையும் கவனியுங்கள்: 4.2 மடங்கில் பெரும்பங்கு வந்தது வோல்டேஜால், அதனால் ஏறிய மின்னோட்டத்தாலும் சூட்டாலும். கிகாஹெர்ட்ஸ் எண்ணின் பங்கு அதைவிடக் குறைவு.

கேள்வி: அப்படின்னா நான் தப்பிச்சேன். வோல்டேஜைத் தொடவே இல்லை, மல்டிப்ளையரை (வேகத்தை நிர்ணயிக்கும் பெருக்கெண்) மட்டும் 50 ஆக்கினேன்.

நீங்கள் தொடவில்லை, போர்டு தொட்டிருக்கும். பயாஸில் (போர்டின் அடிப்படை செட்டிங் மெனு) விகோர், அதாவது பிராசஸருக்குப் போகும் வோல்டேஜ், 'ஆட்டோ'வில் இருந்தால், மல்டிப்ளையரை ஏற்றியதும் பல மதர்போர்டுகள் தாராளமாக வோல்டேஜை அள்ளிக் கொடுத்துவிடும். எச்டபிள்யூஇன்ஃபோ64 என்ற கண்காணிப்பு மென்பொருளைத் திறந்து, லோடு கொடுத்து, விகோர் வரிசையில் 'மேக்ஸிமம்' பாருங்கள். 1.40க்கு மேல் இருந்தால் ஆட்டோவை விட்டு வெளியே வாருங்கள்.

கையால் வைப்பதென்றால் 4.8 கிகாஹெர்ட்ஸ், 1.25 வோல்ட் என்று தொடங்குங்கள். அரை மணி நேரம் சினிபென்ச் ஆர்23 என்ற சோதனை மென்பொருளை ஓட்டி, பிழையில்லாமல் தாங்கினால் 0.01 வோல்ட்டாகக் குறைத்துக்கொண்டே போங்கள். எங்கே பிழை வருகிறதோ அங்கிருந்து 0.02 வோல்ட் மேலே வந்து நிறுத்துங்கள். அதன் பிறகுதான் அடுத்த 100 மெகாஹெர்ட்ஸ். 100 மெகாஹெர்ட்ஸுக்கு 0.05 வோல்ட்டுக்கு மேல் கேட்க ஆரம்பித்தால் அந்தச் சிப்பின் எல்லை வந்துவிட்டது.

கேள்வி: சுத்தி வளைக்காம ஒரு நம்பர் சொல்லுங்க ப்ரோ. எத்தனை வோல்ட் வரை பயமில்லை?

எல்லாச் சிப்புக்கும் ஒரே நம்பர் கிடையாது. 2002இல் வந்த பென்டியம் 4 நார்த்வுட் 130 நானோமீட்டர் சிப், இயல்பான வோல்டேஜ் 1.5. முந்தைய சிப்புகளின் பழக்கத்தில் அதற்கு 1.7 வோல்ட்டும் மேலும் கொடுத்தவர்களின் பிராசஸர்கள் சில வாரங்களில், மாதங்களில் திடீரென்று செத்தன. நானோமீட்டர் எண் இறங்கி, கம்பி மெலிய மெலிய அது தாங்கும் அளவும் குறைகிறது.

இன்டெலின் 14 நானோமீட்டர் சிப்புகளில் (8700கே, 9900கே, 10700கே) தினசரிப் பயன்பாட்டுக்கு லோடில் 1.35 வோல்ட்டுக்குள், 85 டிகிரிக்குள் என்பது நியாயமான கோடு. ரைசன் 3000, 5000 வரிசையில் எல்லாக் கோரையும் (சிப்புக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதிகள்) நிலையான வோல்டேஜில் பூட்டுவதானால் 1.30ஐத் தாண்ட வேண்டாம். "ஆனா ஸ்டாக்கிலேயே (எதையும் மாற்றாத செட்டிங்) 1.45 காட்டுதே" என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். அது ஒன்றிரண்டு கோர் மட்டும் பூஸ்ட் ஆகும்போது, மின்னோட்டம் குறைவாக இருக்கும்போது, சிப் தானே கண்காணித்துக் கொடுப்பது. அதைப் பார்த்து எல்லாக் கோருக்கும் 1.45 பூட்டினால் வேலை முடிந்தது.

கேள்வி: லோடு லைன் கேலிப்ரேஷன் எந்த லெவலில் வைக்கணும்?

நடு லெவலில். லோடில் வோல்டேஜ் சரிவதை ஈடுகட்டும் செட்டிங் இது, சுருக்கமாக எல்எல்சி. லோடு ஏறும்போது வோல்டேஜ் சற்றுச் சரிவது வடிவமைப்பிலேயே உள்ளது. 1.1 மில்லிஓம் லோடு லைனில் (எவ்வளவு சரியும் என்பதைக் குறிக்கும் ரெசிஸ்டன்ஸ்) 150 ஆம்பியர் ஓடினால் 0.165 வோல்ட் சரியும். இதைக் கோளாறு என்று நினைத்து எல்எல்சியை உச்சத்தில் வைப்பார்கள். அப்போது லோடு சட்டென்று விலகும் நொடியில் வோல்டேஜ் செட் செய்த அளவுக்கு மேலே குத்தி எழும். அந்தக் குத்து மைக்ரோ நொடிகளில் வந்து போவது. எச்டபிள்யூஇன்ஃபோ இரண்டு நொடிக்கு ஒருமுறைதான் படிக்கிறது, அதில் சிக்காது. திரையில் 1.35 என்று நிம்மதியாக இருக்கும், சிப் அதைவிட அதிகம் வாங்கிக்கொண்டிருக்கும்.

அசூஸ் போர்டுகளில் எல்எல்சி எண் கூடக்கூட இறுக்கம், அதாவது வோல்டேஜ் சரிவு குறைவு. எம்எஸ்ஐ, அஸ்ராக்கில் எண் குறையக் குறைய இறுக்கம். போர்டு மாற்றும்போது பழைய எண்ணை அப்படியே போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: 8700கே, 5.0 கிகா, 1.30 வோல்ட். ரெண்டு வருஷம் கல்லு மாதிரி நின்னது. இப்ப வாரத்துக்கு ரெண்டு தடவை நீலத்திரை. சிப் தேஞ்சிடுச்சா சார்?

இருக்கலாம். தேய்மானம் பெரும்பாலும் இப்படித்தான் வெளியே தெரியும். சிப் செத்துப்போகாது, அதே வேகத்துக்கு முன்பைவிட அதிக வோல்டேஜ் கேட்கும். ஆனால் அந்த முடிவுக்கு வருமுன் மற்றவற்றை விலக்குங்கள்.

முதலில் விண்டோஸின் ஈவென்ட் வியூவரில், ஹார்டுவேர் பிழைகளைக் குறித்துவைக்கும் டபிள்யூஎச்இஏ-லாகர் பதிவுகளைப் பாருங்கள். பதிவு எண் 19 என்றால் சிப் தானே திருத்திக்கொண்ட பிழை, 18 என்றால் திருத்த முடியாமல் மெஷினைக் கவிழ்த்த பிழை. 19 அடிக்கடி விழுந்தால் கோர் வோல்டேஜ் போதவில்லை என்று சந்தேகிக்கலாம். அடுத்து சிமாஸ் கிளியர் செய்து (பயாஸ் செட்டிங்குகளை ஆரம்ப நிலைக்குக் கொண்டுவந்து), எக்ஸ்எம்பியையும் (ரேமை அதிக வேகத்தில் ஓட்டும் செட்டிங்) அணைத்து, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 நான்கு சுற்று ஓட்டுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் குற்றவாளி ரேம் பக்கம். ரேம் சுத்தமென்றால் ஸ்டாக்கிலேயே ஓசிசிடி என்ற லோடு சோதனை ஒரு மணி நேரம். ஸ்டாக்கிலும் பிழை என்றால் வேறு எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) மாட்டிப் பார்க்காமல் சிப்பைக் குறை சொல்லாதீர்கள். ஸ்டாக்கில் பிழையே இல்லையென்றால் பழைய ஓவர்கிளாக்கை, அதே சூட்டில், மறுபடி போடுங்கள். இரண்டு வருடத் தூசியும் காய்ந்த தெர்மல் பேஸ்டும் 10 டிகிரி ஏற்றியிருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம். சுத்தம் செய்தும் 0.025 வோல்ட் கூடுதலாகக் கேட்டால், ஆமாம், தேய்ந்திருக்கிறது.

அப்போது வோல்டேஜை ஏற்றாமல் 4.8க்கு இறங்குங்கள். ஏற்றினால் தேய்மானம் இன்னும் வேகமெடுக்கும், ஆறு மாதத்தில் மறுபடி ஏற்றச் சொல்லும்.

கேள்வி: நான் ஓவர்கிளாக்கே பண்ணல. ஆனா 14900கே ஒரே வருஷத்துல போச்சு. இதுக்கு என்ன சொல்றீங்க?

இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்புகளின் தனிப் பிரச்சினை அது. மைக்ரோகோடு (சிப்புக்குள் ஓடும் அடிப்படை மென்பொருள்) அளவுக்கு மீறி வோல்டேஜ் கேட்டது, போர்டுகள் தாராளமான பவர் லிமிட்டுடன் அதற்குத் துணை நின்றன. கோரின் உள்ளே கிளாக் சிக்னலைக் கொண்டுபோகும் சர்க்யூட் அதில் சீக்கிரம் மூப்படைந்தது. விளைவு, சிப்புக்குக் குறைந்தபட்சம் தேவைப்படும் வோல்டேஜ் ஏறிவிட்டது. இன்டெல் 2024 ஆகஸ்டில் 0எக்ஸ்129 மைக்ரோகோடில் கேட்கும் வோல்டேஜை 1.55க்குள் கட்டியது, செப்டம்பரில் 0எக்ஸ்12பி வந்தது. பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு வாரண்டியை இரண்டு வருடம் நீட்டி ஐந்தாக்கினார்கள். கேம் தொடங்கும்போது 'வீடியோ மெமரி போதவில்லை' என்று பொய்யாகச் சொல்வது, பெரிய ஜிப் ஃபைல் பிரிக்கும்போது பிழை வருவது ஆகியவை இதன் அடையாளம். அப்டேட் இனிமேல் தேயாமல் காக்கும், தேய்ந்ததைச் சரிசெய்யாது. வாரண்டியில் மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எக்ஸ்எம்பி, எக்ஸ்போ எல்லாம் ஓவர்கிளாக் கணக்குல வருமா?

வரும். ஏஎம்டியின் ஏஎம்5 போர்டில் எக்ஸ்போ (எக்ஸ்எம்பி போன்ற ஏஎம்டி செட்டிங்) ஆன் செய்ததும் எஸ்ஓசி வோல்டேஜும் (ரேம் கன்ட்ரோலர் இருக்கும் பகுதிக்குப் போவது) சேர்ந்து ஏறும். 2023 ஏப்ரலில் 7800எக்ஸ்3டி சிப்புகள் சில சாக்கெட்டோடு கருகிய பிறகு, ஏஎம்டி புதிய பயாஸ்களில் அதை 1.30க்குள் கட்டியது. பயாஸை அப்டேட் செய்துவிட்டு உங்கள் எண்ணைப் பாருங்கள். டிடிஆர்5-6000க்குப் பெரும்பாலும் 1.20 முதல் 1.25 போதும்.

கேள்வி: அண்டர்வோல்ட் பண்ணா ஆயுள் கூடுமா?

கூடும், வோல்டேஜைக் குறைத்தால் முதல் பதிலின் கணக்கு அப்படியே தலைகீழ். ரைசனில் கர்வ் ஆப்டிமைசரை (வோல்டேஜைப் படிப்படியாகக் குறைக்கும் பயாஸ் செட்டிங்) மைனஸ் 15இல் தொடங்குங்கள். ஒரு படி சுமார் 3 முதல் 5 மில்லிவோல்ட். முழு லோடில் பிழையில்லாமல் ஓடிவிட்டு சும்மா இருக்கும்போது ரீஸ்டார்ட் ஆகும், அதனால் கோர்சைக்ளர் என்ற சோதனைக் கருவி வைத்து ஒவ்வொரு கோராகச் சோதியுங்கள். கவிழ்ந்தால் சிப்புக்கு ஒன்றும் ஆகாது. எழுதிக்கொண்டிருந்த ஃபைலுக்கு ஆகும், பேக்கப் எடுத்து வையுங்கள்.

கேள்வி: ப்ரைம்95 24 மணி நேரம் ஓட்டணும்ங்கிறாங்களே?

வேண்டாம். ப்ரைம்95 ஒரு கடும் லோடு சோதனை; அதன் ஸ்மால் எஃப்எஃப்டி சோதனை ஏவிஎக்ஸோடு (சிப்பிடம் அதிக வேலை வாங்கும் கட்டளைத் தொகுப்பு) இழுக்கும் மின்னோட்டம் எந்தக் கேமும் இழுக்காதது. 1.35 வோல்ட்டில் ராத்திரி முழுக்க அதை ஓட்டினால், எதைக் காப்பாற்றச் சோதிக்கிறீர்களோ அதையே தேய்க்கிறீர்கள். அரை மணி நேரம் போதும், மிச்சத்துக்கு ஒய்-க்ரஞ்சர் என்ற இன்னொரு சோதனை.

கேள்வி: ஏசி இல்லாத ரூம், மதுரை. டிசம்பர்ல செட் பண்ணது மே மாசம் தாங்குமா?

அறை 25இலிருந்து 40 ஆனால் சிப்பும் ஏறக்குறைய அதே 15 டிகிரி ஏறும். அதனால் கத்திரி வெயில் நேரத்து மத்தியானத்தில் டியூன் செய்யுங்கள், மார்கழிக்குத் தானாக மார்ஜின் கிடைக்கும். முடியாதென்றால் டிசம்பரில் 70 டிகிரியைத் தாண்டாத செட்டிங்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: பழைய கே சிப் (ஓவர்கிளாக் செய்ய வசதியுள்ள இன்டெல் சிப்) வாங்கலாமா?

வாங்கலாம். விற்பவர் சொல்லும் 'லைட் யூஸ்' கதையை விடுங்கள், ஸ்டாக்கில் ஓசிசிடி ஒரு மணி நேரம் அவர் முன்னால் ஓடட்டும். 13, 14ஆம் தலைமுறை ஐ7, ஐ9 என்றால் பயாஸ் எப்போது அப்டேட் ஆனது என்று கேளுங்கள். வாரண்டி பில் இல்லாவிட்டால் அந்த இரண்டு தலைமுறையையும் தவிர்த்துவிட்டு 12ஆம் தலைமுறை பாருங்கள்.