வெளியாகாத படம் எங்கே தங்கும்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

திகில் பட இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் பற்றிய கட்டுரையில் அவரது ‘நம்பர் 13’ படத்தை, 1922-ல் தொடங்கிப் பாதியில் நின்றுபோனது என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். அவர் உதவி இயக்குநராக வேலை பார்த்த ‘தி ஒயிட் ஷேடோ’வின் பாதி 2011-ல் நியூசிலாந்தில் கிடைத்ததே, இதுவும் கிடைக்குமா? ‘கிடைத்தால்தான் என்ன, கற்றுக்குட்டியின் அரைகுறைப் படம்’ என்கிறார் என் நண்பர்.

ம., திண்டுக்கல்

அன்புள்ள ம.,

கிடைக்காது என்றே நினைக்கிறேன். ‘தி ஒயிட் ஷேடோ’ தியேட்டருக்குப் போன படம். அன்றைக்குப் பிரின்ட்கள் நாடு நாடாகச் சுற்றும். நியூசிலாந்து அந்தச் சுற்றின் கடைசி முனை. அங்கிருந்து திருப்பி அனுப்பும் கப்பல் செலவுக்குக்கூட ஓடித் தேய்ந்த பிரின்ட் பெறாது. அதனால் அங்கேயே தங்கி, புரொஜெக்டர் ஓட்டிய ஒருவரின் சேமிப்பில் ஆறு ரீல்களில் முதல் மூன்று பிழைத்தன. வெளியாகாத படத்துக்கு இந்த வழியே கிடையாது. வெளியூருக்குப் பிரின்ட் போகவில்லை, நெகட்டிவ் இருந்த இடத்தில்தான் எல்லாமே. அந்தக் கால நைட்ரேட் ஃபிலிம் சட்டென்று தீப்பிடிக்கும், பாதுகாக்கச் செலவு ஆகும், அழித்தாலோ அதிலுள்ள வெள்ளி கிடைக்கும். முடிக்காத படத்தை யாரும் மெனக்கெட்டுக் காப்பாற்றியிருக்க மாட்டார்கள். நமக்கு மிச்சம் சில ஸ்டில்கள்தான்.

ஆனால் உங்கள் நண்பர் சொல்வதை நான் ஏற்கவில்லை. சரி, படம் அப்படியொன்றும் நன்றாக இல்லை என்று ஹிட்ச்காக்கே பின்னாளில் சொன்னார். இருந்தாலும் அதன் கதையைப் பாருங்கள். ஜார்ஜ் பீபாடி என்ற அமெரிக்கர் கொடுத்த பணத்தில் லண்டன் ஏழைகளுக்காகக் கட்டிய குறைந்த வாடகைக் குடியிருப்பில் வாழும் மனிதர்கள். எழுதியவர் படம் எடுத்த ஸ்டூடியோவிலேயே வேலை பார்த்த ஒரு பெண். லண்டன் இஸ்லிங்டனில் இருந்த அந்த ஸ்டூடியோவில் மௌனப் படங்களுக்கு வசனம் காட்டும் எழுத்து அட்டை வரைந்துகொண்டிருந்த காய்கறிக்கடைக்காரர் மகன்தான் இயக்குநர். அவருக்கு வயது 23 கூட ஆகியிருக்குமோ என்னவோ. குற்றமும் கொலையும் அவரைப் பிடித்துக்கொள்வதற்கு முன், முதன்முதலில் இயக்கக் கிடைத்தது இப்படி ஒரு கதை. இது எனக்குப் பெரிய விஷயம்.

ஸ்டூடியோவை நடத்திய அமெரிக்க நிறுவனம் அந்தச் சமயத்தில் கடையைக் கட்டிக்கொண்டிருந்தது. பணம் நின்றது. ஹிட்ச்காக்கின் அப்பாவுடைய சகோதரர் ஒருவர் கொஞ்சம் கொடுத்தார். போதவில்லை. அப்புறம் படத்தின் நாயகி கிளேர் கிரீட் தன் கைக்காசைப் போட்டார்! ஐம்பதைத் தாண்டிய நாடக நடிகை, முன்பின் படம் எடுத்திராத பையனை நம்பிக் கொடுத்த பணம் அது. அதுவும் கரைந்து, சில ரீல்களோடு எல்லாம் நின்றது.

ஹிட்ச்காக் அந்த அம்மாவை மறக்கவில்லை. ‘தி ரிங்’, ‘தி மேங்ஸ்மேன்’, ‘மர்டர்!’, ‘சபொட்டாஜ்’ என்று படத்துக்குப் படம் சின்னச் சின்ன வேடமாவது கொடுத்துக்கொண்டே இருந்தார். கிளேர் கிரீட் காலமான 1939-ல் வந்த ‘ஜமைக்கா இன்’ வரைக்கும் அது தொடர்ந்தது. உங்கள் நண்பருக்கு இவற்றில் ஒன்றைப் போட்டு, அவர் வரும் இடத்தைக் காட்டிவிட்டு, ‘நம்பர் 13’ பற்றி மறுபடி பேசிப் பாருங்கள்.