கன்னிகைகள் பத்துப் பேரும் தூங்கினார்கள்

கேள்வி: இரவில் ஜெபிக்க முழங்காற்படியிட்டால் சற்று நேரத்திலேயே கண் அசந்துவிடுகிறது. "விழித்திருந்து ஜெபம்பண்ணுங்கள்" என்று ஆண்டவர் கட்டளையிட்டிருக்க, தூங்கிவிடுவது பாவம் அல்லவா? தூக்கத்தைக் குறித்து வேதம் என்ன சொல்லுகிறது?

பதில்: பாவம் அல்ல. உடல் கேட்கும் உறக்கத்தை வேதம் எங்கும் கண்டிக்கவில்லை. கர்த்தர் தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார் என்கிறது 127ஆம் சங்கீதம். சாகவேண்டும் என்று சூரைச்செடியின் கீழ்ப் படுத்துத் தூங்கிய எலியாவைத் தேவதூதன் தட்டி எழுப்பியது கடிந்துகொள்வதற்காக அன்று, அப்பமும் தண்ணீரும் கொடுப்பதற்காக. புயலில் அலைக்கழிந்த படகின் பின்னணியத்தில் தலையணை வைத்து இயேசுவே தூங்கினார்.

நீங்கள் குறிப்பிடும் வசனம் கெத்செமனே தோட்டத்தில், சிலுவைக்கு முந்தின இரவில், சொல்லப்பட்டது. சீஷர்கள் துக்கத்தினால் தூங்கினார்கள் என்று லூக்கா இரக்கத்தோடு எழுதுகிறார். ஆண்டவரும் "மாம்சமோ பலவீனமுள்ளது" என்றுதான் சொன்னார். அங்கே தூங்கிய பேதுருவை அப்போஸ்தலர் 12ஆம் அதிகாரத்தில் மறுபடியும் தூங்கக் காண்கிறோம். அப்போஸ்தலன் யாக்கோபை வாளால் கொன்ற ஏரோது ராஜா, அடுத்து இவரைச் சிறையிலிருந்து ஜனங்களுக்கு முன்பாக வெளியே கொண்டுவரக் குறித்திருந்த நாளுக்கு முந்தின இரவில், இரண்டு சங்கிலிகளால் கட்டப்பட்டு, இரண்டு சேவகர் நடுவே, தேவதூதன் விலாவில் தட்டி எழுப்பவேண்டிய அளவுக்கு அவர் அயர்ந்து உறங்கினார். முந்தைய உறக்கம் சோதனை வருவதை உணராத உறக்கம். இதுவோ, என் பார்வையில், உயிரைக் கர்த்தருடைய கையில் ஒப்படைத்துவிட்டவரின் உறக்கம்.

மத்தேயு 25ஆம் அதிகாரத்தை நாம் அவசரமாகவே வாசித்துவிடுகிறோம். அங்கே இயேசு சொன்ன உவமையில், தீவட்டிகளோடு மணவாளனை எதிர்கொள்ளப் பத்துக் கன்னிகைகள் புறப்படுகிறார்கள். மணவாளன் வரத் தாமதித்தபோது, புத்தியுள்ள ஐவரும் புத்தியில்லாத ஐவரும் ஆகப் பத்துக் கன்னிகைகளுமே தூங்கிவிட்டார்கள். புத்தியில்லாத ஐவருக்குக் கலியாண வீட்டின் கதவு அடைபட்டது தூங்கியதற்காக அன்று. நடுராத்திரியில் சத்தம் கேட்டு எழுந்தபோது அந்த ஐவரிடம் தீவட்டிக்கு ஊற்ற எண்ணெய் இல்லை, அதை அந்நேரத்தில் இரவல் வாங்கவும் முடியவில்லை. இந்த உவமையின் முடிவில்தான் "விழித்திருங்கள்" என்கிறார் இயேசு. ஆகவே அவர் கேட்கும் விழிப்பு, எந்த நேரத்தில் அழைத்தாலும் புறப்படத்தக்க ஆயத்தம்.

பவுல் ரோமர் 13ஆம் அதிகாரத்தில், நித்திரையைவிட்டு எழுந்திருக்கத்தக்க வேளையாயிற்று என்று சொல்லி, களையவேண்டிய இருளின் செயல்களை அடுக்குகையில், வெறியோடும் வேசித்தனத்தோடும் வாக்குவாதத்தையும் பொறாமையையும் சேர்த்தே சொல்லுகிறார். சகோதரனோடு கொண்ட மனத்தாங்கலை வருடக்கணக்காக வளர்த்துக்கொண்டே இரவு முழுவதும் கண்விழித்து ஜெபிக்கிறவர், பவுலின் கணக்கில் இன்னும் தூங்குகிறவரே.

இரவு ஜெபத்தை விட்டுவிடவேண்டாம். உடல் தளர்வதற்கு முன்பான ஒரு வேளைக்கு அதை மாற்றிக்கொள்ளுங்கள். படுக்கைக்குப் போகும்போது "சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரைசெய்வேன்" என்ற நான்காம் சங்கீதத்தின் கடைசி வசனத்தைச் சொல்லிவிட்டுப் படுத்தாலும் போதும், அதுவும் ஜெபமே.