தம்பியின் மாத்திரையும் ஆய்வகத்தில் வளரும் செல்களும்

கேள்வி: எங்கள் அம்மாவின் சிறுநீரகத்தைத் தம்பிக்குப் பொருத்தி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. உடல் அந்தச் சிறுநீரகத்தைத் தாக்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரையால் அவனுக்குக் கை நடுக்கமும் சர்க்கரையும் வந்துவிட்டன. நோயாளியின் செல்களையே ஆய்வகத்தில் வளர்த்துத் திரும்பச் செலுத்தினால் மாத்திரையே வேண்டாம் என்று படித்தேன். உண்மையா? இப்போதே மாத்திரையைக் குறைத்துக்கொள்ளலாமா?
— ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் சொல்லிவிடுகிறேன்: மருத்துவரைக் கேட்காமல் அரை மாத்திரைகூடக் குறைக்கக் கூடாது. நீங்கள் படித்தது பொய்யன்று. ஆனால் அது இன்னும் ஆராய்ச்சிக் கட்டத்தில்தான் இருக்கிறது.

நம் நோய் எதிர்ப்பு அணுக்களில், மற்ற அணுக்களின் தாக்குதலை அடக்கிவைக்கும் ஒழுங்காற்று டி செல்கள் என்றொரு சிறுபான்மை உண்டு. ஜப்பானியரான ஷிமோன் சகாகுச்சி 1995இல் இவற்றை இனங்காட்டினார். 2025ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு அவருக்கும், இச்செல்களை ஆளும் மரபணுவைக் கண்டறிந்த மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் ஆகியோருக்கும் கிடைத்தது. ரத்தத்தில் இவை மிகக் குறைவு என்பதால், நோயாளியின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்து, செல்களைத் தூண்டும் நுண்மணிகளும் இன்டர்லூகின்-2 என்ற புரதமும் சேர்த்துச் சில வாரங்கள் வளர்த்துப் பெருக்குகிறார்கள். பிசான நெல்லுக்கு நாற்றங்கால் போடுவதைப் போன்ற வேலைதான். களையும் கூடவே முளைக்கும் என்பதுதான் தொல்லை. தாக்கும் இயல்புள்ள செல்கள் கலந்து பெருகிவிட்டால் பொருத்திய உறுப்புக்கே வினையாகும். அவற்றை மட்டுப்படுத்த ராபமைசின் மருந்தை வளர்ப்பு நீர்மத்திலேயே சேர்ப்பதுண்டு.

பலன் எவ்வளவு? ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடந்து 2020இல் வெளியான ஓர் ஆய்வில், உயிருள்ளவர் தந்த சிறுநீரகம் பெற்ற 38 பேருக்கு இவை உள்ளிட்ட பல வகை ஒழுங்காற்று அணுக்கள் செலுத்தப்பட்டன; அவர்களுள் 15 பேர் டாக்ரோலிமஸ் ஒன்றோடு மட்டும் நிற்க முடிந்தது. கவனியுங்கள், நிறுத்த முடிந்தது மற்ற மருந்துகளைத்தான். உங்கள் தம்பியை வாட்டும் அதே மாத்திரை அவர்களுக்கும் தொடர்ந்தது. ஜப்பானின் ஹொக்கைடோவில் கல்லீரல் பெற்ற 10 பேரில் 7 பேர் மருந்தை முற்றிலும் விட்டதாக 2016இல் அறிவித்தார்கள். ஆனால் கல்லீரல் இயல்பிலேயே ஒத்துப்போகும் உறுப்பு. அந்தக் கணக்கைச் சிறுநீரகத்துக்குப் போட முடியாது. மேலும் இவை பெரும்பாலும் அறுவையை ஒட்டியே செலுத்தப்பட்டவை. நான்கு ஆண்டுகள் கடந்தவருக்கு அப்படியே பொருந்தும் என்று கொள்வதற்கில்லை. பணம் வாங்கிக்கொண்டு இதைச் செய்து தருவதாக எவரேனும் விளம்பரம் செய்தால் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

மருந்தைத் தானாகக் குறைத்தால், சிறுநீரகம் பழுதுபடுவதைக் காட்டும் கிரியாட்டினின் என்ற கழிவு ரத்தத்தில் ஏறும் முன்பே, சிறுநீரகத்தைத் தாக்கும் எதிர்ப்புரதங்கள் உருவாகிவிடலாம். பிறகு அவற்றை விரட்டுவது பெரும்பாடு. நடுக்கத்தையும் சர்க்கரையையும் மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். மருந்தின் அளவு ரத்தத்தில் கூடுதலாக இருந்தாலும் நடுக்கம் வரும். அளவையோ மருந்தையோ மாற்றுவதற்கு அவருக்கு வழிகள் உண்டு. மருந்தின் அளவைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனைக்குப் போகும் நாளில், காலை மாத்திரையை விழுங்காமல் கையோடு எடுத்துச் சென்று, ரத்தம் கொடுத்த பிறகே தம்பி அதைச் சாப்பிட வேண்டும். முன்னதாகச் சாப்பிட்டால் அளவு தவறாகத் தெரியும். பம்பளிமாஸ் பழமும் தம்பிக்கு ஆகாது; அது மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும்.