வாரம் நாலு நாள் வேலை: நடக்கிற காரியமா? கேள்வி பதில்

ஆலையிலும் ஐடி நிறுவனத்திலும் மனிதவளப் பிரிவில் நெடுங்காலம் இருந்தேன். இப்போது கோவையில் சிறு நிறுவனங்களுக்கு ஷிப்ட் போட்டுக் கொடுப்பதும், தொழிலாளர் சட்ட விஷயங்களில் ஆலோசனை சொல்வதும் என் வேலை. வேலை நேரத்தைக் குறைப்பது பற்றி வந்த கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

சோழிங்கநல்லூர், ஐடி ஊழியர்: வாரம் நாலு நாள் வந்தால் போதும், ஆனால் தினம் 12 மணி நேரம் இருக்க வேண்டும் என்று ஆபீசில் பேச்சு அடிபடுகிறது சார். மூணு நாள் லீவு கிடைத்தால் லாபம்தானே?

லாபம் இல்லை தம்பி. நாலு பன்னிரண்டு நாற்பத்தெட்டு. ஆறு நாள் வேலையை நாலு நாளில் போட்டு அடைப்பதுதான் இது. இப்போது உங்களுக்கு ஐந்து நாள், தினம் ஒன்பது மணி நேரம் என்றால் மொத்தம் 45. அப்படிப் பார்த்தால் வேலை நேரம் கூடுகிறது. ஓஎம்ஆர் சாலையில் போக வர ஆகிற நேரத்தையும் சேர்த்தால், அந்த நாலு நாளும் வீட்டுக்குத் தூங்க மட்டும்தான் போவீர்கள்.

2021இல் மத்திய தொழிலாளர் துறை நாலு நாள் வாரம் பற்றிப் பேசியபோதே, 48 மணி நேர வரம்பு மாறாது என்று சொல்லிவிட்டார்கள். தமிழ்நாட்டில் 2023 ஏப்ரல் 21 அன்று தொழிற்சாலைகளுக்கு 12 மணி நேர வேலையை அனுமதிக்கும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன. மூன்றே நாளில் நிறுத்திவைத்தார்கள், மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். ஐடி அலுவலகங்களுக்குப் பொருந்தும் 1947ஆம் வருடத்துக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டமும் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 என்றுதான் சொல்கிறது.

நேரத்தை உண்மையாகவே குறைத்தது ஐஸ்லாந்து. 2015 முதல் 2019 வரை 2,500 பேருக்கு மேல் வைத்துப் பார்த்தார்கள். வாரம் 40 மணி நேரம் என்பது 35, 36 ஆனது, சம்பளத்தில் கை வைக்கவில்லை. அங்கே பெரும்பாலோர் ஐந்து நாளும் வேலைக்குப் போனார்கள், சீக்கிரம் வீடு திரும்பினார்கள். அதனால் உங்கள் ஆபீசில் "எத்தனை நாள்" என்று கேட்காதீர்கள், "வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம் அதேதானா" என்று கேளுங்கள்.

கோவை, டிசைன் நிறுவன உரிமையாளர்: இருபது பேர் வைத்து நடத்துகிறேன். ஒரு நாளைக் குறைத்தால் வேலை தேங்காதாங்க?

தேங்கும், இப்போது வேலை நடக்கிற விதத்தை அப்படியே வைத்துக்கொண்டு ஒரு நாளை மட்டும் எடுத்தால். பிரிட்டனில் 2022 ஜூன் முதல் டிசம்பர் வரை 61 நிறுவனங்கள், சுமார் 2,900 ஊழியர்களோடு இதை முயன்றன. சம்பளம் முழுசு, நேரம் எண்பது சதவீதம், வேலை குறையக் கூடாது. இதுதான் ஒப்பந்தம். ஆறு மாதம் முடிந்தபோது 56 நிறுவனங்கள் தொடர்வதாகச் சொன்னார்கள். வேலையை விட்டுப் போகிறவர்கள் 57 சதவீதம் குறைந்தார்கள், உடம்பு சரியில்லை என்று எடுக்கிற லீவு 65 சதவீதம் குறைந்தது. வருமானம் விழவில்லை.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தாமாக முன்வந்த நிறுவனங்கள்தான் இவை, முக்கால்வாசி மேஜை வேலை. தொடங்குவதற்கு முன்பே அவர்களுக்கு இரண்டு மாதம் பயிற்சி இருந்தது. எந்த மீட்டிங் வேண்டாம், எந்த ஒப்புதல் யாரிடம் தேங்குகிறது என்று அலசினார்கள்.

உங்களைப் போன்ற ஆபீசில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். திங்கட்கிழமை காலை ரிவ்யூ. பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள், ஒருவர் லேப்டாப்பில் ஷீட்டைத் திறந்து வரிசையாகப் படிப்பார். தன் வரி வரும்வரை மற்ற ஒன்பது பேரும் மேஜைக்கு அடியில் போனைப் பார்ப்பார்கள். ஒன்றரை மணி நேரம் போய்விடும். பத்துப் பேருக்குக் கணக்குப் போட்டால் ஒரே ஆளின் இரண்டு நாள் வேலை அது. அதோடு, டிசைன் முடிந்தும் முதலாளி பார்த்து ஓகே சொல்லவில்லை என்று காத்திருக்கும் நேரம். இந்த இரண்டையும் சரிசெய்தாலே வாரத்தில் கணிசமான நேரம் மீளும். இரண்டாவதற்கு நீங்கள்தான் மனது வைக்க வேண்டும்.

மைக்ரோசாஃப்ட் ஜப்பானில் 40 சதவீதம் உற்பத்தி கூடியதாக ஒரு செய்தி சுற்றுகிறதே, அது 2019 ஆகஸ்ட் என்ற ஒரே மாதத்துக் கணக்கு. அதைக் காட்டி யாரிடமும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

திருப்பூர், பனியன் கம்பெனி சூப்பர்வைசர்: எங்கள் ஊரில் ஒன்றரை ஷிப்ட் ஓட்டினால்தான் ஷிப்மென்ட் போகும். லேபருக்கும் பீஸ் ரேட், தைத்த பீஸுக்குத்தான் கூலி. இங்கே போய் நாலு நாள் வாரம் என்றால் சிரிக்க மாட்டார்களா அண்ணே?

சிரிக்கிற விஷயமில்லை. உங்கள் ஊரில்தான் இதை முதலில் பேச வேண்டும். ஆனால் நாலு நாளில் ஆரம்பிக்கக் கூடாது. ஒன்றரை ஷிப்டை, அதாவது பன்னிரண்டு மணி நேரத்தை, எட்டு மணி நேர ஒரு ஷிப்டாக்குவதுதான் அங்கே வேலை நேரக் குறைப்பு.

இரவு ஏழு மணிக்கு மேல் செக்கிங் டேபிளில் நின்று பாருங்கள். காலையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒட்டுகிற, பழுதைக் காட்டும் ஸ்டிக்கர், அந்த நேரத்தில் மளமளவென்று ஏறும். ஓவர்லாக்கில் தையல் விட்டுப்போயிருக்கும், கழுத்துப் பட்டி இழுத்திருக்கும், ஊசி ஓட்டை தெரியும். காலை எட்டரையிலிருந்து உட்கார்ந்திருக்கிற பெண்ணின் கண்ணும் தோளும் அதற்குமேல் தாங்காது. திருத்தித் தைக்க வேண்டிய அந்த ஆல்டர் பீஸெல்லாம் மறுநாள் காலையில் நல்ல மெஷினையும் நல்ல டெய்லரையும் பிடித்துக்கொள்ளும். நான் போன யூனிட்டுகளில் ஆல்டர் கணக்கை நாள் மொத்தமாகத்தான் எழுதுகிறார்கள். மணிவாரியாக ஒரு மாதம் எழுதிவைத்து, அதன் பக்கத்தில் அந்தக் கூடுதல் நாலு மணி நேரத்துக்கான கூலியையும் கரண்ட் செலவையும் எழுதிப் பாருங்கள். கூடுதல் நேரத்துக்குச் சட்டப்படி இரட்டிப்புக் கூலி என்பதையும் மறக்க வேண்டாம்.

இது பழைய பாடம்தான். முதல் உலகப் போர்க்கால பிரிட்டனின் வெடிமருந்து ஆலைப் பதிவேடுகளை ஸ்டான்ஃபோர்டு பொருளாதாரப் பேராசிரியர் ஜான் பென்கேவல் ஆராய்ந்தார். வாரம் 70 மணி நேரம் வேலை வாங்கியபோது கிடைத்த உற்பத்தி, 56 மணி நேரத்தில் கிடைத்ததைவிடப் பெரிதாகக் கூடவில்லை. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள், பலருக்கு அங்கும் பீஸ் ரேட்தான்.

சரி, சனிக்கிழமை கைக்கு வருகிற வாரச் சம்பளம்? அங்கேதான் சிக்கல். நேரத்தைக் குறைத்து ரேட்டை அப்படியே விட்டால், முதலாளியின் சீர்திருத்தத்துக்குத் தொழிலாளி பணம் கட்டியதாகிவிடும். ஆல்டர் குறைவதால் மிச்சமாகிற காசை பீஸ் ரேட்டில் ஏற்றிக் கொடுக்க வேண்டும். முதலாளி அதற்குச் சம்மதித்தால் மட்டும் ஆரம்பியுங்கள். ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டு பையர் கடைசி நேரத்தில் கலரை மாற்றிவிட்டுத் தேதியை மாற்றாமல் விடுவது இன்னொரு பெரிய காரணம். அதைத் தனியொரு யூனிட்டால் சரிசெய்ய முடியாது, ஏற்றுமதியாளர்கள் சேர்ந்து பேச வேண்டும்.

மதுரை, தனியார் மருத்துவமனை நர்ஸ்: எங்களுக்கெல்லாம் இது வருமா?

ஆள் எடுக்காமல் வராது சிஸ்டர். ஸ்வீடனில் கோதன்பர்க் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில் 2015 முதல் இரண்டு வருடம் நர்ஸ்களுக்கு ஆறு மணி நேர வேலை வைத்தார்கள். சம்பளம் குறையவில்லை. நர்ஸ்கள் ஆரோக்கியமாக இருந்தார்கள், முதியவர்களைக் கவனிப்பதும் மேம்பட்டது. ஆனால் 68 பேருடைய நேரத்தைக் குறைக்கப் புதிதாக 17 பேரை எடுக்க வேண்டியிருந்தது. செலவு அதிகம் என்று நகராட்சி அதைத் தொடரவில்லை.

படுக்கையில் இருக்கிறவருக்கு 24 மணி நேரமும் ஆள் வேண்டும். அங்கே மீட்டிங்கைக் குறைத்து நேரம் மிச்சம் பிடிக்க வழியில்லை. உங்கள் விஷயத்தில் நியாயமான முதல் கோரிக்கை, 12 மணி நேர நைட் டியூட்டியை எட்டாக்குவது. இதற்கு நிர்வாகம் செலவு செய்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தி.நகர், ஜவுளிக்கடை விற்பனையாளர்: பண்டிகை சீசனில் ஒரு வார விடுமுறைகூட ஒழுங்காகக் கிடைப்பதில்லை...

வாரத்தில் ஒரு நாள் முழு விடுமுறை உங்கள் சட்டப்படியான உரிமை, சம்பளத்தைப் பிடிக்கவும் கூடாது. உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்றே 2021இல்தான் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தினார்கள். சீசனுக்கு மட்டும் மாலை ஷிப்டுக்குத் தனி ஆள் எடுப்பது நடக்கக்கூடியதுதான், கூட்டம் மாலையில்தானே வருகிறது.

பெங்களூரு, புராஜெக்ட் மேனேஜர்: கிளையன்ட் எங்களுக்கு மணிக் கணக்கில் பணம் கொடுக்கிறார். நேரத்தைக் குறைத்தால் பில்லே குறையுமே?

இந்திய ஐடி துறையின் உண்மையான முட்டுக்கட்டை இதுதான். ஐந்து மணி நேர வேலையை மூன்று மணி நேரத்தில் முடித்தால் நிறுவனத்துக்கு நஷ்டம் என்கிற ஒப்பந்தம் இருக்கும்வரை யாரும் நேரத்தைக் குறைக்க மாட்டார்கள். மணிக் கணக்கில்லாமல் முழு வேலைக்கும் ஒரே விலை பேசிய புராஜெக்ட்டுகளில் மட்டும் முயலுங்கள். சொந்தமாக மென்பொருள் செய்து விற்கிற நிறுவனங்களுக்கு இந்தத் தடை கிடையாது.

ஓசூர், ஹெச்ஆர் எக்ஸிகியூட்டிவ்: நாலு நாள் வாரமாக்கினால் லீவு, கிராஜுவிட்டி கணக்கு என்ன ஆகும்?

நல்ல கேள்வி, பலரும் இதை யோசிப்பதே இல்லை. வருடத்துக்கு 52 வாரம், வாரத்துக்கு நாலு நாள் என்றால் 208 நாள். பழைய தொழிற்சாலைகள் சட்டப்படி ஈட்டிய விடுப்புக்கு 240 நாள் வேலை செய்திருக்க வேண்டும். அப்படியானால் நாலு நாள் ஆள் யாருக்கும் அந்த லீவே வராது. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அது 180 நாள், அதனால் சிக்கல் தீர்கிறது. கிராஜுவிட்டியை, அதாவது பணிக்கொடையைப் பொறுத்தவரை, வாரத்துக்கு ஆறு நாளுக்குக் குறைவாக இயங்கும் நிறுவனங்களுக்கு 240க்குப் பதில் 190 நாள் போதும் என்று ஏற்கெனவே இருக்கிறது. இருந்தாலும் நியமனக் கடிதத்தில் எல்லாவற்றையும் எழுத்தில் போடுங்கள்.

யாழ்ப்பாணம், அரச ஊழியர்: 2022இல் எங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை தந்தார்களே, அதுவும் இதில் சேருமோ?

சேராது ஐயா. எரிபொருள் தட்டுப்பாட்டில் பயணத்தைக் குறைக்கவும், வீட்டுத்தோட்டத்தில் பயிர் செய்யவும் மூன்று மாதத்துக்கென்று தந்தது அது. நெருக்கடியைச் சமாளிக்கிற ஏற்பாடு. அதை வைத்து இந்த முறை வெற்றி, தோல்வி என்று சொல்ல முடியாது.

திருநெல்வேலி, ஓய்வுபெற்ற மில் மேலாளர்: நாடு முன்னேற வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தியே சொன்னார். நீங்கள் குறைக்கச் சொல்கிறீர்கள்.

அய்யா, நிறுவனத்தைக் கட்டி எழுப்புகிறவர் தன் விருப்பத்துக்கு எத்தனை மணி நேரமும் உழைக்கலாம். அதன் பலனும் அவருக்கு வருகிறது. மாதச் சம்பளக்காரர் நிலை வேறு. உலக சுகாதார அமைப்பும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு, வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை செய்கிறவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் கூடுதல் என்கிறது. வாரம் 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்கிறவர்களோடு ஒப்பிட்ட கணக்கு இது. வேலை முடிந்து வந்து சமைத்துப் பிள்ளைகளையும் பார்க்கிற பெண்களுக்கு 70 மணி நேரம் எங்கிருந்து வரும் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

நீங்கள் மில்லில் வேலை பார்த்த 48 மணி நேரமும் போராடி வந்ததுதான். 1934ஆம் வருடச் சட்டத்தில் வாரம் 54 மணி நேரம் இருந்தது. அம்பேத்கர் தொழிலாளர் பொறுப்பில் இருந்த காலத்தில், 1946இல்தான் அது 48 ஆனது. அந்த 48 இன்னும் அப்படியே நிற்கிறது. இத்தனை இயந்திரமும் கணினியும் வந்த பிறகும் ஒரு மணி நேரம்கூட இறங்காதது எனக்கு வேதனையாகத்தான் இருக்கிறது.

கோவை, டிசைன் நிறுவன உரிமையாளர் (மறுபடியும்): அப்போ எப்படி ஆரம்பிக்கலாம்ங்க?

ஒரேயடியாக வெள்ளிக்கிழமையைப் பூட்ட வேண்டாம். முதல் மாதம் வெள்ளி மதியத்தோடு முடியுங்கள். கிளையன்ட் போனை எடுக்க இரண்டு பேரை முறைவைத்து நிறுத்துங்கள், அவர்களுக்குத் திங்கள் பாதி நாள் லீவு. சம்பளம் குறையாது என்று எழுதிக் கொடுங்கள். அப்புறம், வெள்ளி மாலை நீங்களே வாட்ஸப்பில் வேலை அனுப்பாதீர்கள். டெலிவரி தேதி தவறியது எத்தனை, திருத்தத்துக்குத் திரும்பி வந்தது எத்தனை, லீவு எத்தனை என்று இப்போதிலிருந்தே எழுதி வையுங்கள். இப்போதைய கணக்கு கையில் இல்லாவிட்டால் பிறகு எதோடு ஒப்பிடுவது? மூன்று மாதம் கழித்து அந்த நோட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.